தொலைக்காட்சியில் ஒரு மற்போர்



முக்காவனாட்டு ஆமூரிலே மல்லன் ஒருவன் இருந்தான். அவனோடு பொருது வென்றவன் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி. அந்தப் போரைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடினார். நக்கண்ணையார் என்னும் புலமை வாய்ந்த பெண்ணும் பாடினார். புறநானூற்றிலே 80ஆம் பாட்டு முதலாக அவற்றைக் காணலாம். பெருநற்கிள்ளியின் தந்தை தித்தன் உறையூரில் இருந்தவன். மகனோடு மனம் வேறுபட்டிருந்தவன். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இந்த வெற்றியைத் தந்தை கண்ணாற் காணவேண்டுமே என்று சாத்தந்தையார் ஏங்குகிறார். களத்திலே நிகழ்வதை, களத்துக்கு வராதவனுக்குச் சொற்களாற் காட்டுவது அவர் செய்த தொழில். நேர்முக வருணனை செய்யும் இந்நாளைய அறிவிப்பாளருக்கு அவரை முன்னோடி எனலாம். வானொலி நண்பர்கள் இதற்காக என்னைக் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்று நான் பேச வந்தது அந்த மற்போரைப் பற்றியன்று. 2007ஆம் ஆண்டு யூலை 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிய ஒரு மற்போரைப் பற்றியதாகும். ‘ஸ்மாக்டவுன்’ என்பது அந்த வாராந்த நிகழ்ச்சியின் பெயர். அதை நடத்துவது டபிள்யூ டபிள்யூ ஈ என்னும் நிறுவனம். அன்றைய களம் ரெக்சாஸ் மாநிலத்து எல்லைப்புற நகரமாகிய லரேடோ. அன்றிரவு தலீப் சிங் ராணா என்னும் இந்தியர் ஒருவர், ‘பெரிய காளி’ என்ற மேடைப் பெயரோடு, அந்த நிறுவனத்தின் உலகப் பாரவகுப்புப் பட்டத்தை வென்றார். இந்தியாவிற் பிறந்த ஒருவர் அந்த நிறுவனத்தில் உலகப் பட்டம் பெற்றது அதுவே முதன்முறை.

அந்த நாளிலே எங்கள் கண்டாவளையில் அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. 2006 ஓகஸ்டில் முகமாலை வழி அடைபட்டுப் போயிற்று. கம்பி வழி மின்சாரம் எங்கள் பக்கத்தில் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் திரியைத் தாழ்த்தி வைத்துப் பிள்ளைகள் படித்த காலம் அது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஊர் முழுவதும் பெயர்ந்து பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கிப் போனது. மீளக்குடியேறிய பின்னர், தகரக் கூரையிட்ட தேநீர்க்கடை ஒன்றிலே, மின்பிறப்பாக்கி இரைந்துகொண்டிருக்க, பதிவுசெய்யப்பட்ட தட்டு ஒன்றிலிருந்துதான் நான் அந்த மற்போரைக் கண்டேன். என்னைச் சுற்றி என் பாடசாலைப் பிள்ளைகள் நின்றார்கள். அதிபர் வந்துவிட்டார் என்று இருவர் ஓடினர், மற்றவர்கள் ஓடவில்லை. அத்தனை ஈர்ப்பு.

நிகழ்ச்சியைச் சுருக்கிச் சொல்லுகிறேன். பட்டத்தை வைத்திருந்த எட்ஜ் என்பவருக்கு மார்புத் தசை கிழிந்துவிட்டது. அவர் அழாக்குறையாகப் பட்டத்தைத் துறந்தார். வெற்றிடத்தை நிரப்ப 20 மல்லர்களை ஒரே மேடையில் ஏற்றினார்கள். மேற்கயிற்றுக்கு மேலாக எறியப்பட்டு இரு பாதங்களும் நிலத்தில் பட்டவன் தோற்றவன். எஞ்சி நிற்பவன் வென்றவன். இறுதியில் மூவர் எஞ்சினர். ஏழடிக்கு மேல் உயரமானவர் என்று அறிவிக்கப்பட்ட காளி, கேன், பற்றிஸ்ரா என்ற இரு பெரும் மல்லர்களையும் ஒருசேர வெளியே தள்ளினார். மேடையில் ஒரு மனிதரும் ஒரு பட்டியும் மாத்திரம் நின்றன.

வரலாற்றாசிரியன் ஒருவனுக்கு இங்கே ஒரு சிறு சிக்கல் உண்டு. போர் நடந்தது 17ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. ஒளிபரப்பாகியது மூன்று நாள் கழித்து. இடைப்பட்ட நாள்களில் முடிவை அறிந்தோர் பலர். அறிந்தும் வெள்ளிக்கிழமை பெட்டியின் முன் அமர்ந்தவர்கள் அதனினும் பலர். அதுமட்டுமா? 17ஆம் திகதிக்கு முன்னரே, நிறுவனத்தின் அறையொன்றிலே, யார் வெல்வது என்று எழுதி முடித்தாயிற்று. அப்படியானால் காளி வென்ற நாள் எது? எழுதிய நாளா, மேடையேறிய நாளா, பெட்டியில் தெரிந்த நாளா? பானிப்பட்டுப் போருக்கு இந்தத் தொல்லை இல்லை.

முடிவு முன்னமே எழுதப்படுகிறது என்பது ஒன்றும் மறைபொருள் அன்று. அந்த நிறுவனத்தாரே அதைச் சட்டமன்றில் ஒப்புக்கொண்டுள்ளனர். 1989 பெப்ரவரியில் நியூ ஜேர்சி மாநிலத்தின் மேற்சபையிலே இது விவாதத்துக்கு வந்தது. மற்போரை மெய்யான விளையாட்டு என்று கொண்டால், அரசின் விளையாட்டு ஆணையம் மேற்பார்வை செய்யும். உரிமக் கட்டணமும் வரியும் கேட்கும். இது பார்வையாளரை மகிழ்விப்பதற்கான காட்சியே, உண்மைப் போட்டியன்று என்று நிறுவனத்தார் எடுத்துரைத்தார்கள். பல பத்தாண்டுகளாக மல்லர்கள் உயிரினும் மேலாகக் காத்த இரகசியம் வரிக்கணக்கு ஒன்றினால் வெளியாகிற்று. பழைய மல்லர்கள், வில்லனும் நாயகனும் ஒரே வண்டியிற் பயணம் செய்வதைக்கூட ஊரார் காணாதபடி பார்த்துக்கொண்டவர்கள். அவர்கள் மனம் எப்படி இருந்திருக்கும்?

தொலைக்காட்சிக்கும் மற்போருக்கும் உள்ள உறவு, தொலைக்காட்சியின் பிள்ளைப்பருவத்திலேயே ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் அமெரிக்காவில் தொலைக்காட்சி பரவியபோது, ஒளிப்படக்கருவிகள் பாரமானவை. எளிதில் நகர்த்த முடியாதவை. பரந்த வெளியில் ஓடும் பந்தைத் துரத்த அவற்றால் இயலவில்லை. சதுரமான ஒரு சிறு மேடை, இரண்டு மனிதர்கள், நல்ல வெளிச்சம். கருவிக்கு இதனினும் வசதியான விளையாட்டு வேறு இல்லை. பொன்னிறத் தலைமயிரைச் சுருட்டி, பட்டு அங்கி பூண்டு, மேடையில் நறுமணம் தெளிக்கச் செய்து வந்த ‘கோர்ஜஸ் ஜோர்ஜ்’ என்னும் மல்லரைத் திட்டுவதற்கென்றே மக்கள் பார்த்தார்கள். வெறுக்கப்படுபவனுக்கே கூட்டம் அதிகம் என்ற பாடத்தை அந்தத் தொழில் அன்று கற்றது, இன்றுவரை மறக்கவில்லை.

யப்பானின் கதை இதனினும் ஆழமானது. 1945இல் தோற்றுப் போன நாடு. 1953இல் அங்கே தொலைக்காட்சி தொடங்கியது. பெட்டி வாங்க எளியவர்களிடம் பணம் இல்லை. ஆகவே நிலையத்தார் வீதிச் சதுக்கங்களிலே பெட்டிகளை நிறுத்தினர். 1954 பெப்ரவரி 19ஆம் திகதி, சுமோ மல்லராய் இருந்து விலகிய ரிக்கிடோசான் என்பவர், கிமுரா என்னும் யூடோ வீரரைத் துணைகொண்டு, ஷார்ப் சகோதரர் இருவரோடு பொருதார். பேருருவம் கொண்ட வெள்ளையரை யப்பானியர் ஒருவர் கைவீச்சால் வீழ்த்துவதைக் கண்டு, ஷிம்பாஷி நிலையச் சதுக்கத்தில் நெருக்கியடித்து நின்ற மக்கள் அழுதார்கள், ஆர்ப்பரித்தார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பட்ட காயத்துக்கு அன்று ஒரு மருந்து கிடைத்தது போலிருந்தது.

இப்போது உள்ளே இருந்ததைப் பாருங்கள். அமெரிக்கரென்று யப்பானியர் எண்ணிய ஷார்ப் சகோதரர்கள் கனடா நாட்டவர். யப்பானின் மானம் காத்த ரிக்கிடோசானோ கொரியாவிற் பிறந்தவர். அவர் இயற்பெயர் கிம் சின்-ராக். யப்பானியரின் ஆட்சிக்கு உட்பட்டு அவமதிக்கப்பட்ட இனத்தில் வந்தவர். அதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் மறைத்தே வாழ்ந்தார். அவரை வாழ்த்தி அழுதவர்கள், பிறப்பை அறிந்திருந்தால் வாழ்த்தியிருப்பார்களோ, அறியோம்.

அதே ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி, முன்பு தோளோடு தோள் நின்ற கிமுராவோடு ரிக்கிடோசான் மோதினார். வெற்றி தோல்வியின்றி முடிப்பது என்று முன்னரே பேசிக்கொண்டதாகக் கிமுரா பிற்காலத்தில் எழுதினார். நடுவிலே ரிக்கிடோசான் உடன்பாட்டை மீறி மெய்யாகவே அடித்தார். கிமுரா இரத்தஞ் சிந்தி விழுந்தார். பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு எந்தக் கணத்தில் நடிப்பு நின்றது, எந்தக் கணத்தில் அடி தொடங்கியது என்று தெரியாது. இந்தத் தொழிலின் வரலாற்றிலே என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்த நிகழ்ச்சி இது. ரிக்கிடோசான் 1963இல் இரவு விடுதியொன்றிற் கத்திக்குத்துப்பட்டு ஒரு வாரத்தின் பின் இறந்தார்.

ரிக்கிடோசான் 1955 நவம்பரில் ஆசியப் பட்டத்துக்காக வென்ற எதிராளியின் பெயர் எங்கள் மூத்தோருக்கு நன்றாகத் தெரிந்த பெயர்: கிங்கொங். எமில் சாயா என்பது அவர் இயற்பெயர். அன்றைய ஹங்கேரி நாட்டின் பகுதியாய் இருந்து பின்னர் ருமேனியாவைச் சேர்ந்த நிலத்திற் பிறந்து, சிங்கப்பூரிற் குடியேறியவர். தாடியும் மலை போன்ற உடலும் கொண்டவர். என் தாயாரின் உறவினர் ஒருவர் மலாயாவில் உத்தியோகம் பார்த்து, பென்சன் வாங்கி யாழ்ப்பாணம் வந்து குடியிருந்தார். மாலையிற் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, சிங்கப்பூர் ஹப்பி வேர்ல்ட் அரங்கிலே கிங்கொங்கும் தாராசிங்கும் பொருத கதையைச் சொல்லுவார். சொல்லும்போது கதிரை ஆடும். தாராசிங் கிங்கொங்கைத் தலைக்கு மேலே தூக்கினார் என்னும் இடம் வந்ததும் அவர் எழுந்தே நிற்பார். ஒவ்வொரு முறையும் கிங்கொங்கின் நிறை சற்றுக் கூடும். நாங்களும் கணக்குக் கேட்பதில்லை.

அந்தத் தாராசிங் 1928இல் பஞ்சாபில் அமிர்தசரசை அடுத்த தர்முசக் கிராமத்திற் பிறந்தவர். 1954இல் இந்திய வீரப் பட்டத்தையும், 1959இல் கல்கத்தாவில் பொதுநலவாயப் பட்டத்தையும் பெற்றார். 1968இல் பம்பாயிலே அமெரிக்கரான லூ தேஸ் என்பவரை வென்றார். அவர் பெருமை பரவியது அரங்குகள் வழியாகவும் திரைப்படங்கள் வழியாகவும். இந்தியாவிலே அந்நாளில் வீட்டுக்கு வீடு பெட்டி இல்லை. பெட்டி வந்த பின்னர் அவர் அதிலே மல்லராகத் தோன்றவில்லை. 1987 சனவரியில் தொடங்கி 1988இல் முடிந்த இராமாயணத் தொடரில் அனுமனாகத் தோன்றினார். அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொடரை ஒளிநாடாவில் நாங்கள் பார்த்தபோது, நம் மலாயாப் பென்சன்காரர் சொன்னது நினைவிருக்கிறது: “உவன் கிங்கொங்கைத் தூக்கினவன் எல்லோ, மலையைத் தூக்குறது பெரிய வேலையோ?”

கிங்கொங் மலேசியாவில் நேர்ந்த வீதி விபத்தொன்றின் பின் 1970இல் சிங்கப்பூரில் இறந்தார். ஐரோப்பியர் ஒருவர், குரங்கரசனின் பெயரைச் சூடிக்கொண்டு, ஆசிய மக்களின் முன்னே தோற்பதற்காக வாழ்நாளைச் செலவிட்டார் என்பது நினைத்துப் பார்க்கத் தக்கது. அரை நூற்றாண்டின் பின் அது தலைகீழாயிற்று. இமாசலப் பிரதேசத்துச் சிர்மௌர் மாவட்டத்திலே 1972இல் எளிய குடும்பத்திற் பிறந்து, காவலாளியாய் வேலை செய்து, பின்னர் பஞ்சாப் பொலிஸில் சேர்ந்த தலீப் சிங், அமெரிக்க மக்களின் முன்னே கீழ்த்திசைப் பூதமாக நிறுத்தப்பட்டார். 2006 ஏப்ரலில் அவர் முதன்முதலாகத் தோன்றி அண்டர்டேக்கர் என்னும் புகழ்பெற்ற மல்லரை அடித்து வீழ்த்தினார். அவர் வாய்திறந்தால் எவருக்கும் விளங்காது என்பது போலக் காட்டி, பக்கத்திலே பேசுவதற்கென ஒருவரை நிறுத்தினார்கள். எங்கள் தேநீர்க்கடைப் பிள்ளைகளுக்கு அந்த அவமதிப்புக் கண்ணிற் படவில்லை. ‘எங்கட பக்கத்து ஆள்’ என்பது ஒன்றே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. நான் மாத்திரம் உள்ளுக்குள் மூக்கைச் சுளித்தேன். பிறகு, ஷிம்பாஷிச் சதுக்கத்து மக்களை எண்ணிச் சும்மா இருந்துவிட்டேன்.

அந்தப் பேருருவத்தின் காரணத்தையும் சொல்லவேண்டும். மூளையின் அடியிலே உள்ள கபச்சுரப்பியில் ஏற்படும் கட்டி, வளர்ச்சிக்குரிய சுரப்பை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்கிறது. எலும்பு தடிக்கிறது, தாடை நீள்கிறது, மூட்டுகள் நோகின்றன. 2012இல் தலீப் சிங்குக்கு அக்கட்டியை அகற்றச் சத்திரசிகிச்சை செய்தார்கள். மேடையில் அவர் மெல்ல நடந்ததைக் கண்டு ‘நடக்கத் தெரியாதவர்’ என்று எள்ளியோர் பலர். வலியோடு நடந்தவர் என்று எத்தனை பேர் அறிவர்?

2007 யூலை மாதத்தை வரலாற்றாசிரியன் வேறொரு காரணத்துக்காகவும் உற்று நோக்கவேண்டும். அதற்கு முந்திய மாதம் 11ஆம் திகதி, நிறுவனத்தின் தலைவர் வின்ஸ் மக்மான் ஏறிய வண்டி வெடித்து அவர் இறந்ததாக ஒரு காட்சியை ஒளிபரப்பினார்கள். கட்டுக்கதைதான். இரண்டு வாரங்களில் மெய்யான சாவு வந்தது. கிறிஸ் பென்வா என்னும் முன்னணி மல்லர் தம் வீட்டிலே மனைவியையும் சிறு மகனையும் கொன்று தாமும் மாண்டார். 25ஆம் திகதி செய்தி வந்ததும், முழு விவரமும் அறியுமுன்னே, நிறுவனத்தார் அன்றிரவு நிகழ்ச்சி முழுவதையும் அவருக்குப் புகழஞ்சலியாக்கினர். இறந்துவிட்டதாகக் காட்டப்பட்ட மக்மான் உயிரோடு எழுந்து நின்று, வெறுமையான அரங்கிலே, மெய்யான இறப்பை அறிவித்தார். மறுநாள் உண்மை தெரிந்து அந்தப் புகழ்ச்சியை விலக்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் முடியுமுன்னே, அமெரிக்கக் காங்கிரஸின் குழுவொன்று மல்லர்கள் உட்கொள்ளும் ஊக்கமருந்து பற்றி அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. காளி பட்டம் சூடியது இந்த இடைவேளையில். பொய்ச் சாவுக்கும் மெய்ச் சாவுக்கும் வேறுபாடு தெரியாமல் திகைத்த ஒரு தொழில், கூட்டத்தின் கண்ணை வேறு பக்கம் திருப்ப விரும்பிய வேளை அதுவென்பது என் ஊகம். இந்திய நாட்டின் பெருஞ் சந்தையும் அவர்கள் கணக்கிலே இருந்திருக்கும்.

இதற்கு முன்னரும் இந்தத் திகைப்பு நேர்ந்ததுண்டு. 1999 மே 23ஆம் திகதி கன்சாஸ் நகரிலே, அரங்கின் கூரையிலிருந்து வடத்திற் கட்டி இறக்கப்படவிருந்த ஓவன் ஹார்ட் என்னும் மல்லர், பிடி விட்டு மேடையில் விழுந்து இறந்தார். அரங்கில் இருந்தோர் பலர் அதுவும் காட்சியின் ஒரு பகுதி என்றே எண்ணினர். நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை.

எங்கள் வன்னியிலே விடிய விடியக் கோவலன் கூத்து ஆடுவார்கள். காத்தவராயன் கூத்து ஆடுவார்கள். கோவலன் வெட்டுண்ணப் போகிறான் என்பது முன்வரிசையில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் ஆச்சிமார் முந்தானையாற் கண் துடைப்பார்கள். பொய் என்று எவரும் எழுந்து போவதில்லை. ஆனாற் கூத்தர் யார், கோவலன் யார் என்பதில் அங்கே மயக்கம் இல்லை. அண்ணாவியார் பக்கத்தில் நின்று பாடுகிறார். மல்லரின் மேடையில் அண்ணாவியார் திரைக்குப் பின்னே ஒளிந்திருக்கிறார். எனக்கு அந்த மேடை மேல் இருந்த ஐயமெல்லாம் இதுதான்.

அன்று தேநீர்க்கடையில் என் அருகே நின்ற மாணவன் ஒருவனிடம், “தம்பி, உதெல்லாம் முன்னமே பேசிவைத்த பொய்ச் சண்டை” என்றேன். உண்மையைச் சொல்வது ஆசிரியன் கடமை என்ற நினைப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளை. 2009இல் தகப்பனை இழந்தவன் என்பது எனக்குத் தெரியும். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்:

“தெரியும் சேர். அதுதான் பாக்கிறன். கடைசியிலை எல்லாரும் எழும்பிப் போவினம்தானே.”

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

காளி அந்தப் பட்டத்தை நெடுநாள் வைத்திருக்கவில்லை. செப்ரெம்பர் 16ஆம் திகதி மெம்பிஸ் நகரிலே பற்றிஸ்ராவிடம் இழந்தார், அதுவும் எழுதிவைத்தபடிதான். 2015இல் யலந்தரிலே இளைஞருக்கு இந்தக் கலையைப் பயிற்றும் கூடமொன்றைத் தொடங்கினார். 2021இல் நிறுவனத்தின் பெருமக்கள் வரிசையிலே அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தட்டிலே அந்தப் போரைப் பார்த்த மறுவாரமே எங்கள் பாடசாலையில் அது தொற்றிவிட்டது. பிஸ்கற் பெட்டியின் மட்டையை வெட்டி, சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டி, ஒரு பட்டி செய்திருந்தார்கள். இடைவேளையில் வகுப்பறைச் சீமெந்துத் தரையிலே ஆட்டம். காளியாக இருக்க எல்லோருக்கும் விருப்பம். எறியப்படுபவன் யார் என்பதில்தான் நாளும் பிணக்கு. தடை செய்யுமாறு ஆசிரியர் சிலர் கேட்டார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு; மல்லர்கள் விழுவதற்கென்றே ஆண்டுக்கணக்கிற் பழகியவர்கள், அவர்கள் மேடைப் பலகையின் மேலே மெத்தையும் உண்டு. எனினும் நான் தடுக்கவில்லை. அறுவடை முடிந்த காலம். வேலிக்கு அப்பால் உள்ள வயற்காரரிடம் சொல்லி இரண்டு வண்டி வைக்கோல் பெற்று, மைதானத்து மருதமரத்தின் கீழே பரப்புவித்தேன். தூக்கி எறியக்கூடாது, கழுத்தைப் பிடிக்கக்கூடாது, விழுந்தவனை வென்றவன் கைகொடுத்து எழுப்பவேண்டும் என்று மூன்று விதிகள் வைத்தேன். அந்த வைக்கோல் பங்குனி மாதத்துப் புழுதியில் தூளாகிப் போகுமட்டும் ஆட்டம் நடந்தது. பட்டி இன்னும் என் அலுவலக அலுமாரியில் இருக்கிறது; ஈயத்தாள் மாத்திரம் கறுத்துவிட்டது.